ஊசல் அடங்கும் வரை

பிப்ரவரி மூன்றாம் தேதி என் கிரேனை நிறுத்தினார்கள்.
நான் நிறுத்தவில்லை; அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
பத்தொன்பது வருடம்
கண்ணாடித் தரைக்கு மேல் உட்கார்ந்து
பாதங்களுக்கு நடுவே கருங்கடலைப் பார்த்தவள்,
படியிறங்கி வந்து
ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.
பேனா அவர்களுடையது. திருப்பிக் கேட்டார்கள்.

கொன்ஸ்தான்ட்சாவில் வேலை போனவர்கள்
கடற்கரைச் சுவரில் சாய்ந்து நிற்பது வழக்கம்.
நானும் நான்கு நாள் நின்றேன்.
ஐந்தாம் நாள் கவனித்தேன்:
கோட்டுப் பைக்குள் என் வலக்கை
இல்லாத லிவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு விண்ணப்பம். இரண்டு பதில்.
ஒன்று என்னை ‘ஐயா’ என்றது.
மற்றொன்றுக்குச் சிமெண்ட் விற்க ஆள் வேண்டுமாம்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் ஓடாது;
என்னோடு சேர்ந்து அதற்கும் வேலை போயிருந்தது.
ஐந்தாம் மாடி ருக்சாந்திராவின் காலில் மாவுக்கட்டு.
சந்தையில் ஒற்றைத் துடுப்பு ஒன்று மலிவாகக் கிடைத்தது.
அதன் நுனியில் கப்பி, கப்பியில் கயிறு,
கயிற்றில் நீல வாளி.
ஆறாம் மாடி பால்கனியில்
மறுபடி ஆபரேட்டரானேன்.

தூக்குவது யாருக்கும் வரும்.
ஊசலை அடக்குவதுதான் தொழில்.
பாரம் முன்னே ஓடினால் இழுத்துப் பிடிக்காதே,
கூடவே போ.
திரும்பலாமா என்று அது யோசிக்கும் நொடியில்
அதன் தலைக்கு மேல் போய் நில்.
அடங்கிவிடும்.
இதை விண்ணப்பத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பதிவேடும் வைத்தேன், துறைமுகத்தில் வைத்ததுபோல.

மார்ச் 11. காற்று வடகிழக்கு. முட்டை பன்னிரண்டு. சேதமில்லை.
மார்ச் 19. தயிர் ஒரு பாட்டில். சேதம்: தயிர், மூன்றாம் மாடி ஜன்னல்,
பெட்ரிஷோரின் காலைத் தூக்கம்.
ஏப்ரல் 2. யாரும் எதுவும் கேட்கவில்லை.
வெறும் வாளியை இருபது முறை ஏற்றி இறக்கினேன்.

‘மனசு விடாதே’ என்பாள் தங்கை, போனில்.
‘விட்டால் எத்தனை மாடி கீழே விழும்?’ என்பேன்.
அவள் சிரிக்கமாட்டாள்.
சில நாள் படுக்கையைவிட்டே எழவில்லை.
அதையும் எழுதினேன்:
மே 9. கிரேன் நிறுத்தம். காரணம்: காற்று.
அன்று காற்றே இல்லை.

புதுக் கிரேன்களை இப்போது
அறைக்குள் திரை பார்த்து ஓட்டுகிறார்களாம்.
ருக்சாந்திராவின் மகன்
தன் போனைத் துடுப்பில் கட்டிக் கொடுத்தான்.
கீழே எட்டிப் பார்க்காமல்,
மடியில் இருந்த சின்னத் திரையை மட்டும் பார்த்து
இறக்கிப் பழகினேன்.
முதல் நாள் வெங்காயம் தபால்காரர் தொப்பிமேல்.
எட்டாம் நாள் அவர் கையில்.
பிறகு கடிதங்களையும் வாளியில் போட்டார்,
மின்கட்டண ரசீது உட்பட.

அக்டோபரில் ஒரு நேர்காணல்.
‘இந்த எட்டு மாத இடைவெளியில் என்ன செய்தீர்கள்?’
பதிவேட்டை மேசைமேல் வைத்தேன்.
அந்த இளைஞர் புரட்டினார்.
சிரிப்பார் என்று நினைத்தேன்;
ஏப்ரல் இரண்டில் நின்றுவிட்டார்.
‘இருபது முறையா?’
‘இருபத்தொன்று. ஒன்று சரியாக இறங்கவில்லை, அதை எண்ணவில்லை.’
சொல்லி அனுப்புகிறோம் என்றார்.
எனக்குத் தெரியாத வாக்கியமா அது?

வீடு திரும்பினேன். வாசலில் ருக்சாந்திரா,
மாவுக்கட்டு பிரித்து மாதக்கணக்காகிறது,
கையில் முட்டைப்பெட்டி, முதல் படியில் ஒரு கால்.
என்னைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.
வாளி இருக்கும் இடத்துக்குப் போய்
முட்டைகளை உள்ளே வைத்து,
‘மேலே போய் இழு, காத்திருக்கிறேன்’ என்றாள்.

அக்டோபர் 14. முட்டை ஆறு.
காற்று பலம்.
கிரேன் ஓடியது.